பெருங்குடல் புற்றுநோய் என்று சொல்லப்பட்ட நாளிலிருந்து: உடலையும் மனதையும் பார்த்துக்கொள்வதற்கான முழுமையான வழிகாட்டி

என் அக்காவின் கணவர் மட்டக்களப்பு மாவட்டத்தின் மண்டூர்ப் பக்கத்தில் வயல் செய்பவர். மலத்தோடு இரத்தம் போவதை அவர் எட்டு மாதங்கள் ஒருவரிடமும் சொல்லவில்லை. கடைசியில் வாய் திறந்தபோதும் மூலம் என்றே சொன்னார். மருந்து கொடுத்தவரும், விரலால்கூடப் பரிசோதிக்காமல், அதை மூலம் என்றே எடுத்துக்கொண்டு களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பினார். குடலைப் பற்றிப் பேசுவது நமக்கு வெட்கம். கண்வருத்தம், கால்வருத்தம் என்றால் தெருவெல்லாம் சொல்கிறவர்கள் கக்கூசில் கண்டதை வீட்டுக்குள்ளும் சொல்வதில்லை. இந்த நோயில் தாமதத்துக்கும் தனிமைக்கும் வேண்டாத வேதனைக்கும் பெரும் பங்கு அந்த வெட்கத்துடையது என்பது, அத்தானோடு இரண்டு வருடங்கள் கிளினிக் வாசலில் உட்கார்ந்திருந்து நான் கண்டது. ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் எதை, யாரிடம், எப்போது சொல்ல வேண்டும் என்பதை வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இதிலுள்ள அளவுகளும் கால எல்லைகளும் பொதுவானவை. உங்கள் கிளினிக் கொப்பியில் வைத்தியர் எழுதியிருப்பதே உங்களுக்குரியது.

முதலாம் படி: முதல் இரண்டு வாரங்கள்

கொலனோஸ்கோபியில், அதாவது குடலுக்குள் கமராக் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனையில், எடுத்த சதைத்துண்டின் பரிசோதனை முடிவு புற்றுநோய் என்று வந்துவிட்டால், அன்றிரவே எல்லாவற்றையும் தீர்மானிக்க வேண்டும் போலத் தோன்றும். அப்படியொரு அவசரம் பெரும்பாலும் இல்லை. குடலின் உட்சுவரில் தோன்றும் சிறு முளை புற்றுநோயாக மாறுவதற்குப் பொதுவாகப் பத்து வருடங்கள்வரை செல்கின்றன. ஆகவே சிகிச்சையைச் சரியாகத் திட்டமிடுவதற்குச் செலவாகும் சில வாரங்கள் வீணான வாரங்கள் அல்ல. வயிறு வீங்கி, காற்றும் மலமும் அடைபட்டு, சத்தியும் தொடங்கினால் மட்டும் காத்திருக்கக் கூடாது. அது குடலடைப்பாக இருக்கலாம் என்பதால் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இந்த நாட்களில் சீ.ரீ. ஸ்கான், சீ.ஈ.ஏ. என்ற இரத்தப் பரிசோதனை, நோய் மலக்குடலில் இருந்தால் எம்.ஆர்.ஐ. ஸ்கான் ஆகியவை செய்யப்படும். இவற்றிலிருந்துதான் நோயின் நிலை கணிக்கப்படுகிறது. முதலாம், இரண்டாம் நிலைகளில் நோய் குடற்சுவரோடும் அதை ஒட்டிய இடத்தோடும் நிற்கிறது. மூன்றாம் நிலையில் பக்கத்து நிணநீர்க்கணுக்களுக்குப் போயிருக்கிறது. நான்காம் நிலையில் ஈரல், நுரையீரல் போன்ற தூர உறுப்புகளை எட்டியிருக்கிறது. நான்காம் நிலை என்ற சொல்லைக் கேட்டவுடன் எல்லாம் முடிந்தது என்று எண்ண வேண்டியதில்லை. ஈரலில் ஓரிரு கட்டிகள் மட்டும் இருப்பவர்களிற் சிலருக்கு அவற்றையும் வெட்டி அகற்ற முடிகிறது. குணப்படுத்த முடியாத இடத்திலும் நோயைக் கட்டுப்படுத்தவும் வலியைத் தணிக்கவும் வழி இருக்கிறது.

இந்தக் கட்டத்தில் நம் ஊர்களில் நடக்கும் ஒரு காரியத்தைச் சொல்லியே ஆக வேண்டும். அறிக்கை மகனின் கைக்கு வரும். மகன் வைத்தியரின் காதோடு, “அப்பாவுக்குச் சொல்லிப்போடாதீங்க டொக்டர், தாங்கமாட்டார்” என்பார். நாங்களும் அதைத்தான் செய்தோம். அத்தானிடம் “குடலில் ஒரு புண்” என்றோம். நான்காம் நாள் அவர், கொட்டிலில் மாட்டுக்குத் தவிடு வைத்துக்கொண்டே, என் முகத்தைப் பாராமல் கேட்டார்: “புண்ணுக்கு எதுக்குடா தம்பி கென்சர் வார்ட்டு?” அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது, நாங்கள் அழுவோம் என்று அவரும் எங்களிடம் மறைத்துக்கொண்டிருந்தார். தன் உடலில் என்ன நடக்கிறது என்று தெரியாதவரால் காய்ச்சலையும் கைவிறைப்பையும் நேரத்தோடு சொல்ல முடியாது. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று நோயாளியிடமே கேளுங்கள். சிலர் எல்லாவற்றையும் கேட்பார்கள். சிலர், “மூத்தமகளிட்டச் சொல்லுங்க, அவ பார்த்துக்கொள்ளுவா” என்பார்கள். இரண்டும் சரிதான்.

இரண்டாம் படி: ஒரு கொப்பி, ஒரு ஆள்

கிளினிக்கில் வைத்தியரோடு கிடைப்பது சில நிமிடங்கள். கேள்விகளை முதல்நாளே எழுதி வையுங்கள். நோய் எந்த இடத்தில், எந்த நிலையில் இருக்கிறது. சிகிச்சையின் நோக்கம் குணப்படுத்துவதா, கட்டுப்படுத்துவதா. சத்திரசிகிச்சை முதலிலா, மருந்து முதலிலா. மலம் வெளியேறிச் சேர்வதற்கு வயிற்றில் பை வைக்க நேருமா, நேர்ந்தால் அது தற்காலிகமா, நிரந்தரமா. இரவில் ஏதும் நடந்தால் எங்கே வருவது என்ற ஐந்து கேள்விகளும் எல்லோருக்கும் பொருந்தும். ஒவ்வொரு முறையும் ஒரே ஆள் கூடப் போவது நல்லது. ஆளுக்கொருவராக மாறி மாறிப் போனால் ஒருவர் கேட்டது மற்றவருக்குத் தெரியாது. வீட்டில் சண்டைதான் மிஞ்சும்.

மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு இருப்பதால் கிழக்கிலுள்ள பலருக்கு எல்லாவற்றுக்கும் கொழும்புக்கு அருகிலுள்ள மகரகமைக்குப் போக வேண்டிய நிலை இல்லை. கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் பக்கத்தவர்கள் எந்தப் பரிசோதனையை அருகிலுள்ள வைத்தியசாலையிலேயே செய்துகொண்டு முடிவோடு வரலாம் என்று கேட்டால் பல பயணங்கள் மிச்சமாகும். மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டால் எல்லா அறிக்கைகளிலும் இரண்டு பிரதிகள் எடுத்து, சிங்களம் பேசக்கூடிய ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்தான். ஆனால் போக்குவரத்து, வெளியில் எடுக்கச் சொல்லும் ஸ்கான், இழந்த நாட்கூலி ஆகியவை குடும்பத்தைச் சாய்த்துவிடும். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவி பற்றியும் சமூக சேவைகள் பிரிவின் நோயாளர் உதவி பற்றியும் பிரதேச செயலகத்தில் முதல் மாதமே விசாரியுங்கள். நகையை அடகு வைத்த பின் விசாரிப்பதே வழக்கமாக இருக்கிறது.

மூன்றாம் படி: சத்திரசிகிச்சைக்கு முன்

புகைப்பவர் அன்றே நிறுத்த வேண்டும். நுரையீரலுக்கும் காயம் ஆறுவதற்கும் அது உதவும். இரத்தசோகை இருந்தால் அதைத் திருத்தச் சொல்லிக் கேளுங்கள். நாள்தோறும் நடந்து, முட்டையும் மீனும் பருப்பும் சேர்த்து உடலைத் தேற்றிக்கொண்டு போகிறவர் விரைவாக எழும்புகிறார். சீனி வருத்தத்துக்கும் இரத்தம் உறையாமலிருப்பதற்கும் குளிசை எடுப்பவர்கள் அவற்றை எப்போது நிறுத்துவது என்று எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

பை வைக்கக்கூடும் என்று சொல்லப்பட்டால், அதற்குரிய இடத்தை முன்கூட்டியே வயிற்றில் அடையாளமிடச் சொல்லிக் கேளுங்கள். இது சிறிய காரியம் போலத் தோன்றும். வருடக்கணக்கான நிம்மதி இதில்தான் இருக்கிறது. படுத்திருக்கும்போது தட்டையாகத் தெரியும் வயிறு, உட்கார்ந்தால் மடியும். மடிப்பில் வைத்த பை ஒட்டாது. சாரத்தையோ சேலையையோ வழக்கம்போல உடுத்திக்கொண்டு, நின்றும் உட்கார்ந்தும் குனிந்தும் காட்டி, உங்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், உடுப்பின் கட்டு விழாத இடத்தில் புள்ளி வைக்கப்பட வேண்டும். தொழுபவர் ருகூஉ, சுஜூது நிலைகளில் இருந்தும் காட்டலாம்.

நான்காம் படி: சத்திரசிகிச்சைக்குப் பின், பையோடு

முதல் இரண்டு நாட்களுக்குள் உங்களைக் கட்டிலிலிருந்து இறக்கி நடக்கச் சொல்வார்கள். அது கொடுமையல்ல, காலில் இரத்தம் உறைவதையும் சளி கட்டுவதையும் தடுத்து, குடலை மீண்டும் இயங்க வைப்பதற்காகத்தான். ஆறு முதல் எட்டு வாரங்களுக்குத் தண்ணீர்க்குடமும் நெல்மூட்டையும் தூக்கக் கூடாது, வயிற்றுச்சுவர் பிதுங்கிவிடும். வெட்டியெடுத்த பகுதியின் அறிக்கை வந்ததும், எத்தனை நிணநீர்க்கணுக்கள் பரிசோதிக்கப்பட்டன, எத்தனையில் நோய் இருந்தது என்று கேளுங்கள். குறைந்தது 12 கணுக்கள் பார்க்கப்பட வேண்டும் என்பது பொது நியமம்; மேலும் கீமோ என்ற புற்றுநோய் மருந்துச் சிகிச்சை தேவையா என்பது பெரும்பாலும் இந்த அறிக்கையில் தங்கியிருக்கிறது.

பையைப் பற்றி. குடலின் ஒரு முனையை வயிற்றுத்தோலின் வழியாக வெளியே எடுத்துத் தைத்திருப்பார்கள். அது உதட்டின் உட்புறம் போலச் சிவந்து ஈரமாக இருக்கும், தொட்டால் வலிக்காது. துடைக்கும்போது சிறிது இரத்தம் கசிந்தால் பயப்பட வேண்டாம். கறுத்தோ ஊதாவாகவோ மாறினால் உடனே காட்ட வேண்டும். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் வெறுமையாக்குங்கள். நிறையவிட்டால் பாரத்தால் கழன்றுவிடும். ஒட்டும் தட்டில் வெட்டும் துளை, குடல்வாயைவிட இரண்டு மூன்று மில்லிமீற்றர் மட்டுமே பெரிதாக இருக்க வேண்டும். துளை பெரிதானால் மலம் தோலில் பட்டு வேகும். முதல் வாரங்களில் குடல்வாய் சுருங்கிக்கொண்டே வருவதால் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அளந்து பார்க்க வேண்டும். வெதுவெதுப்பான நீரும் மெல்லிய துணியும் போதும். எண்ணெய் கலந்த சவர்க்காரமோ டெற்றோலோ வேண்டாம். தோல் நன்றாக உலர்ந்த பின், ஒட்டிய தட்டின்மேல் உள்ளங்கையை ஓரிரு நிமிடம் வைத்திருந்தால் அந்தச் சூட்டில் பசை பிடித்துக்கொள்ளும்.

புத்தகங்களில் எழுதாத ஒன்று நம் ஊர் வெயில். சித்திரை, வைகாசியில் வியர்வையால் பசை இளகி, மூன்று நான்கு நாள் இருக்க வேண்டிய தட்டு ஒன்றரை நாளில் ஓரம் கிளம்பும். காலையில் வெயிலேற முன் மாற்றுவது நல்லது. மேலதிகப் பைகளை மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் போட்டுத் திரிந்தால் அவை ஒட்டுவதற்கு முன்பே கெட்டுவிடும். வெளியே போகும்போது வெட்டித் தயாராக்கிய ஒரு தட்டு, ஒரு பை, துணி, தண்ணீர்ப் போத்தல், கட்டிப் போடுவதற்கு ஒரு சொப்பின் பை ஆகியன கூடவே இருக்கட்டும். அத்தான் முதன்முதலில் வெளியே போனது ஊர் அம்மன் கோவில் குளிர்த்திக்கு. சடங்கு நடக்கும் இடத்துக்குப் பையோடு போகலாமா என்று மூன்று நாள் தயங்கினார். பூசகர் ஐயாவிடம் நேரே கேட்டபோது அவர், “வயித்துக்குள்ள இருந்தா என்ன, வெளியில இருந்தா என்ன, எல்லாரும் அதோடதானே வாறம்” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். தொழுகை, வுழூ பற்றிச் சந்தேகம் உள்ளவர்களும் தாமாகவே விலகிக்கொள்ளாமல் மௌலவியிடம் கேட்டால், நோயாளிக்கு மார்க்கத்தில் உள்ள சலுகையை விளக்கிச் சொல்வார்.

பை சிறுகுடலில் வைக்கப்பட்டிருந்தால் தண்ணீரும் உப்பும் அதிகம் வெளியேறும். ஒரு நாளில் ஒன்றரை லீற்றருக்கு மேல் போனால், வாய் காய்ந்து தலை சுற்றினால், உடனே வைத்தியசாலைக்குத் தெரிவிக்க வேண்டும். தாகத்துக்கு வெறும் தண்ணீரையும் இளநீரையும் குடம்குடமாகக் குடித்தால் போவது இன்னும் கூடும்; ஜீவனி என்ற வாய்வழி நீரேற்ற உப்புக் கரைசலும் உப்பிட்ட கஞ்சியும் கைகொடுக்கும். சோறு, வாழைப்பழம் போன்றவை கட்டியாக்கும். தேங்காய்ச் சொட்டு, சோளன், கஜு, காளான் ஆகியவை குடல்வாயில் அடைத்துக்கொள்ளக்கூடியவை என்பதால் முதல் இரண்டு மாதம் தவிர்த்து, பிறகு நன்றாக மென்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம்.

ஐந்தாம் படி: கீமோ

மூன்றாம் நிலையிலும், இரண்டாம் நிலையில் சிலருக்கும், சத்திரசிகிச்சைக்குப் பின் மூன்று அல்லது ஆறு மாதங்கள் கீமோ கொடுக்கப்படும். வழமையான முறைகளில் ஒன்றில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊசிமருந்தும் 46 மணித்தியாலம் சிறுகச் சிறுக ஏறும் மருந்தும் உண்டு. மற்றொன்றில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசியும், கெப்பெசிட்டபின் என்ற குளிசையை 14 நாள் காலையும் மாலையும் விழுங்குவதும் உண்டு. குளிசையைச் சாப்பிட்டு அரைமணிக்குள் எடுக்க வேண்டும். இரத்தசோகைக்கென்று போலிக் அசிட் எடுப்பவர் அதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். இந்தக் குளிசையின் நச்சுத்தன்மையை அது கூட்டிவிடும். நெஞ்சுவலி வந்தால் குளிசையை நிறுத்திவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது காய்ச்சல். மருந்து ஏறிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை, தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். வெப்பமானி 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பாகை பரனைட், காட்டினால் பனடோல் போட்டுக்கொண்டு விடியும்வரை பார்ப்பது உயிராபத்து. அத்தானுக்கு இரண்டாம் முறைக்குப் பின் ஒரு பின்னேரம் நடுக்கம் தொடங்கியது. இருட்டு முன்னம் குருமண்வெளிப் பாதையில், அதாவது வாவியைக் கடக்கும் மிதவைப் படகில், ஏறிக் கடந்தோம். பாதை நடுவாவியில் ஊர்ந்துகொண்டிருந்தபோது அக்கா அவருடைய காலைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்ததும், அவர் “மெதுவாப் போகட்டும், ஓட்டினாக் குளிருது” என்று சொன்னதும் எனக்கு இன்றும் நினைவில் இருக்கின்றன. அன்றிரவே ஊசியில் நுண்ணுயிர்க்கொல்லி ஏற்றினார்கள். ஐந்தாம் நாள் வீடு வந்தார். அதன்பிறகு மருந்து ஏறிய இரண்டாம் வாரத்தில் அவர் அக்கரையில் தங்குவதேயில்லை; களுவாஞ்சிகுடியில் எங்கள் வீட்டில் இருந்தார். உங்களுக்கும் அப்படியோர் இடம் இருந்தால் முன்பே பேசி வையுங்கள். வாகனம் இல்லாதபோது 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். கீமோ நோயாளி என்பதை முதல் வசனத்திலேயே சொல்லுங்கள்.

ஒக்சலிபிளாட்டின் என்ற ஊசி, குளிரைத் தாங்கவிடாது. மருந்து ஏறிய சில நாட்களுக்குக் குளிர்ந்த தண்ணீர் தொண்டையில் பட்டால் மூச்சு அடைப்பது போலிருக்கும். மார்கழி விடியலில் சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்தால் விரலில் மின்சாரம் பாய்ந்தது போலிருக்கும். வெயிலில் வந்தவருக்கு அன்பாக நீட்டும் ஐஸ் போட்ட சர்பத்தைத் துணிந்து மறுக்க வேண்டும். குளிரால் வரும் இந்த விறைப்பு மாறிவிடும். ஆனால் மாதங்கள் செல்லச் செல்ல விரல் நுனியிலும் பாதத்திலும் நிலைத்து நிற்கும் மரப்பு வேறு. சட்டைப் பொத்தானைப் பூட்ட முடியவில்லை, செருப்புக் கழன்றது தெரியவில்லை என்றால் அடுத்த ஊசிக்கு முன் சொல்லிவிட வேண்டும். மருந்தைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தால் வாழ்நாள் முழுவதும் அது தங்கிவிடக்கூடும். கெப்பெசிட்டபின் எடுப்பவர்களுக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து வெடிக்கும். வெறுங்காலோடு சுடுமணலில் நடக்காமல், களிம்பு பூசிக்கொண்டு, கொப்புளித்தால் தெரிவியுங்கள். வயிற்றோட்டம் ஒரு நாளில் வழமையைவிட நான்கு தடவை கூடினாலும் அப்படித்தான்.

சாப்பாட்டைப் பற்றி ஊரில் நூறு பேர் நூறு சொல்வார்கள். மாவுச்சத்தை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்கும் என்பார்கள். முள் அன்னமுன்னா இலைக் கசாயம் கீமோவைவிடப் பலமானது என்பார்கள். மெலிந்துகொண்டு போகிறவரின் சோற்றைப் பறிப்பதைப் போன்ற தீங்கு வேறில்லை. கசாயங்கள் ஈரலில் மருந்தோடு மோதக்கூடும் என்பதால் எதைக் குடித்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். அவித்த இடியப்பம், பாற்சொதி, முட்டை, முள் நீக்கிய வாவிமீன் ஆகியவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளையாகச் சாப்பிடலாம். கொதித்தாறிய தண்ணீர் குடியுங்கள். வெள்ளணு குறைந்த வாரத்தில் திறந்து வைத்த சட்டித் தயிரும் கடைச் சம்பலும் வேண்டாம்.

ஆறாம் படி: கதிர்வீச்சும் யாரும் கேட்காத கேள்வியும்

மலக்குடலில் நோய் உள்ளவர்களுக்குச் சத்திரசிகிச்சைக்கு முன் கதிர்வீச்சு கொடுக்கப்படலாம். ஐந்தே நாட்களில் முடியும் முறையும், குளிசையோடு ஐந்து வாரங்களுக்கு மேல் செல்லும் முறையும் உண்டு. களைப்பு, அடிக்கடி மலம் வருதல், சிறுநீர் எரிவு, தோல் சிவத்தல் ஆகியன வரும். பெரும்பாலும் சில வாரங்களில் தணியும்.

இடுப்புப் பகுதியில் நடக்கும் சத்திரசிகிச்சையும் கதிர்வீச்சும் ஆண்களுக்கு விறைப்பின்மையையும் பெண்களுக்கு உடலுறவில் வலியையும் மாதவிடாய் நின்றுபோவதையும் ஏற்படுத்தலாம். பிள்ளை பெறும் ஆற்றலையும் பாதிக்கலாம். பிள்ளை வேண்டும் என்ற எண்ணம் உள்ள இளம் தம்பதியர் சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது. வைத்தியர் தாமாகக் கேட்பார் என்று காத்திருந்தால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். எல்லோர் முன்னிலையிலும் கேட்க முடியாவிட்டால் துண்டில் எழுதிக் கொப்பிக்குள் வைத்து நீட்டுங்கள். அப்படி நீட்டிய ஒருவரை நான் பார்த்திருக்கிறேன், வைத்தியர் வாசித்துவிட்டு மற்றவர்களை வெளியே நிற்கச் சொன்னார்.

ஏழாம் படி: மனம்

முதல் வாரம் மரத்துப்போனவர் மூன்றாம் மாதம் சிறு விஷயத்துக்கு அழுவார். சிகிச்சை நடக்கும்போது திடமாக இருந்தவர், எல்லாம் முடிந்து கிளினிக் திகதி மூன்று மாதம் தள்ளிப்போன அன்று உடைவார். இது பலவீனம் அல்ல. “தைரியமா இருங்க” என்று சொல்வதால் அவருக்குத் தன் பயத்தை மறைக்கும் வேலையும் கூடுகிறது. பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தால் போதும். தான் செய்த பாவம், யாரோ செய்த செய்வினை என்று நோயாளி தன்னைத்தானே குடைந்துகொள்ளும்போது, கலங்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதால் வரும் நோய் இது, தொட்டால் தொற்றாது, ஒரே கோப்பையில் சாப்பிடலாம் என்பதை வீட்டில் எல்லோருக்கும் கேட்கச் சொல்லுங்கள்.

பார்க்க வருகிறவர்கள் தனிக்கதை. பிஸ்கட் பெட்டியோடு வந்து, இதே நோயில் இறந்த தங்கள் உறவினர்களை வரிசையாக நினைவுகூர்வார்கள். அக்கா வாசலில் ஒரு கதிரையைப் போட்டு, “மருந்தடிச்ச ஆள், சளி காய்ச்சல் தொத்தக் கூடாதெண்டு டொக்டர் சொல்லியிருக்கார்” என்று அங்கேயே தேநீர் கொடுத்து அனுப்பினார். அது உண்மையும்தான்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் விருப்பமும் அற்றுப்போனால், உயிரை முடித்துக்கொள்ளும் எண்ணம் ஒருமுறையேனும் வந்தால், அதையும் காய்ச்சலைப்போல அன்றே சொல்ல வேண்டும். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். உங்கள் புற்றுநோய் வைத்தியரே மனநலப் பிரிவுக்கும் அனுப்புவார். பராமரிப்பவருக்கும் இது பொருந்தும். அக்கா ஆறு மாதத்தில் ஒன்பது கிலோ மெலிந்திருந்ததை, நோயாளியை நிறுக்கும் தராசில் விளையாட்டாக ஏறியபோதுதான் கண்டோம். வாரத்தில் ஒரு நாள் இரவு வேறொருவர் நோயாளியோடு படுக்க வேண்டும் என்று அன்று முடிவெடுத்தோம்.

வலிக்கு மோர்பீன் எழுதினால், அது கடைசி மருந்து என்றோ அடிமையாக்கிவிடும் என்றோ ஒளித்து வைக்காதீர்கள். புற்றுநோய் வலிக்கு வைத்தியர் சொன்ன அளவில் எடுப்பவர் அடிமையாவது அரிது. மலச்சிக்கல்தான் வரும், அதற்கு மருந்தையும் கூடவே கேளுங்கள்.

எட்டாம் படி: சிகிச்சை முடிந்த பின்

தற்காலிகப் பையைச் சில மாதங்களில் உள்ளே வைத்து மூடுவார்கள். எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம் வரும். மலக்குடல் குறுகிவிட்டதால் ஒரு நாளில் பத்துத் தடவை போக நேரலாம். அடக்க முடியாமலும் போகலாம். பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் ஓரளவு சீராகிறது. ஆசனவாய்த் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியும், வயிற்றோட்டத்தைக் கட்டுப்படுத்தும் லொப்பரமைட் குளிசையும், எந்தச் சாப்பாட்டுக்குப் பின் எத்தனை தடவை என்று எழுதி வைப்பதும் உதவும்.

நடையை மருந்தாகவே எண்ணுங்கள். 2025இல் வெளியான ஓர் ஆய்வில், பெருங்குடல் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சையும் கீமோவும் முடித்த 889 பேரில், மூன்று வருடங்கள் வழிகாட்டலோடு உடற்பயிற்சி செய்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைந்திருந்தது. கல்லடிக் கடற்கரையிலோ வாய்க்கால் வரம்பிலோ வேகமாக நடப்பதற்குக் கட்டணம் இல்லை.

ஐந்து வருடங்கள் கண்காணிப்புத் தொடரும்: மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சீ.ஈ.ஏ., குறித்த இடைவெளியில் ஸ்கான், ஒரு வருடத்தில் கொலனோஸ்கோபி. ஒவ்வொரு திகதிக்கும் முந்திய வாரம் நித்திரை வராது. அது பலருக்கும் அப்படித்தான்.

கடைசியாக, உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும். இவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். நாற்பது வயதிலோ, நோயாளிக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்து வருடம் முந்தியோ, எது முன்னதோ அப்போது கொலனோஸ்கோபி செய்வது பற்றிக் கேட்க வேண்டும். அத்தானுக்கு நோய் கண்டது ஐம்பத்தொரு வயதில். அவருடைய தம்பிக்கு இப்போது நாற்பத்து நான்கு. வரமாட்டேன் என்று ஒரு வருடம் போக்குக் காட்டினார். போன மாதம் அத்தானே அவரைக் கூட்டிக்கொண்டு போய், வரிசையில் உட்கார்ந்து, “என்ன கேட்டாலும் மூலம் எண்டு மட்டும் சொல்லிப்போடாத” என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு சிறிய முளைகள் இருந்தன. அங்கேயே வெட்டி எடுத்துவிட்டார்கள்.